இடப்பக்கத்துப் பேச்சு

அந்தப் பெண்ணுக்கு இடது காது கேட்காது என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துவைத்திருந்தது மட்டுமல்ல, அதை ஒரு வசதியாகவே வைத்துக்கொண்டிருந்தார்கள். அவளிடம் சொல்ல வேண்டியதை வலது பக்கம் நின்று சொல்வார்கள். அவளைப் பற்றிச் சொல்ல வேண்டியதை இடது பக்கம் நின்று சொல்வார்கள். உரக்கப் பேசினால் சத்தம் தலையைச் சுற்றிக்கொண்டு போய் நல்ல காதில் விழுந்துவிடும். குரலைக் கொஞ்சம் தாழ்த்தினால் போதும், சுவரிடம் பேசின மாதிரிதான். சுவருக்காவது காது உண்டு என்பார்கள்.

அவர்கள் வீட்டுக்கும் எனக்கும் ஒரே சுவர். நான் இஸ்திரி போடுகிறவள். அவர்கள் வீட்டு முன்னறையில் அவள் அப்பா ரேடியோக்காரரின் பட்டறை, பின்னால் இரண்டு அறையில் குடித்தனம். ரேடியோவை இப்போது யார் பழுதுபார்க்கக் கொண்டுவருகிறார்கள்? பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. வருவதெல்லாம் மண்டபத்து ஆம்ப்ளிபையர், பள்ளிக்கூடத்து மைக் செட், பாட்டுக் குழுக்களின் மிக்ஸர். மழைக்காலத்தில் நான் ஈ ஓட்டிக்கொண்டிருந்தால் அங்கே நிற்க இடம் இருக்காது. ஈரக்காற்று பட்டால் அந்தப் பெட்டிகளுக்கெல்லாம் சளி பிடித்துவிடும்.

பேர் அவருக்கு, வேலை பாப்பாவுக்கு. முப்பதைத் தாண்டியும் அவள் வீட்டுக்குப் பாப்பாதான். ரேடியோக்காரருக்கு இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் ஆகியும் கிட்டத்தில் இருப்பது தெரியாது. கையிலும் நடுக்கம். எந்த இடத்தில் கோளாறு என்பதைக் காதை வைத்தே சொல்லிவிடுவார், அதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் எறும்புக்கு இருப்பது போலக் கால் வைத்த ஐசி சில்லுகளைச் சூடு காட்டிக் கழற்றி, புதியதை உட்கார வைத்து, ஒவ்வொரு காலுக்கும் ஈயம் தொட்டு வைப்பது அவள். வருகிறவர்களிடம் அவர், “வச்சிட்டுப் போங்க, நான் பாத்து வைக்கிறேன்” என்பார். அவள் தலை நிமிராமல் பார்த்து வைப்பாள்.

அவள் மேசை சுவரோரம் இருந்தது. வலது பக்கம் அலமாரி. அதில் ஏதாவது ஒரு பெட்டி சோதனைக்காகப் பாடிக்கொண்டே இருக்கும். வாடிக்கைக்காரர்கள் வந்து நிற்பது இடது பக்கம். “அவளைத் தொந்தரவு பண்ண வேண்டாம்னுதான் இப்படிப் போட்டிருக்கேன்” என்று ரேடியோக்காரர் சொல்வார். நல்ல மனுஷன் என்று நானும் நினைத்துக்கொள்வேன்.

அதுவரைக்கும் அவளைப் பெண் கேட்டு மூன்று இடத்திலிருந்து வந்தார்கள். வந்தவர்கள் டீ குடித்தார்கள், பட்டறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து அவரோடு பேசினார்கள், போனார்கள். பிறகு சத்தமே இல்லை. “காது விஷயம்தான் இடிக்குது போலிருக்கு” என்று அவள் அம்மா, அதாவது என் அண்ணி முறைக்காரி, மூக்கைச் சிந்துவாள்.

நாலாவதாக வந்தவன் கண்ணாடிக்காரன். தெருக்கோடியில் ஜன்னல்களுக்குக் கண்ணாடி வெட்டிக் கொடுக்கிறவன். தன் பட்டறையில் கேட்கிற பாட்டுப் பெட்டியைச் சரிசெய்யக் கொண்டுவந்தான். அது நல்லபடியாகப் பாட ஆரம்பித்த பிறகும் ஏதாவது சாக்கு வைத்து வந்துகொண்டிருந்தான். வந்தால் எல்லோரும் நிற்கிற இடத்தில் நிற்கமாட்டான். மேசைக்கும் அலமாரிக்கும் நடுவே இருக்கிற சந்தில் வயிற்றை எக்கிக்கொண்டு நுழைந்து, அவளுடைய வலது பக்கம் போய் நிற்பான். யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அதைப் பார்த்த அன்றைக்கே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

“அவங்க அக்கா வந்து பேசப் போறாங்களாம் அத்தை” என்று பாப்பா ஒருநாள் என் கடைக்கு வந்து சொன்னாள். “அவரை வளத்தவங்க அவங்கதானாம்.”

“வரட்டும். உனக்கென்ன குறைச்சல்?”

“அவங்க எந்தப் பக்கம் உக்காந்தாலும் எனக்குக் கேக்கணும். ‘என்ன, என்ன’ன்னு கேட்டுக்கிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டே இருந்தா நல்லாவா இருக்கும்? ஒரு மிஷின் பண்ணலாம்னு இருக்கேன். அப்பாகிட்டச் சொன்னேன். உடனே சரின்னுட்டாங்க.”

உடனே சரி என்றார் என்பது உண்மை. ஒரு வாரமாக அவருக்குச் சோறு தண்ணி வேண்டியிருக்கவில்லை. தலையில் மாட்டுகிற பட்டை ஒன்று. அதன் இரண்டு முனையிலும் பொட்டு போல ஒரு மைக். அதிலிருந்து ஒயர் போய் ஒரு சின்ன டப்பாவில் சேரும், ஐசியும் பேட்டரியும் அதற்குள். இடது காது கேட்காதே தவிர, இடது பக்கத்துச் சத்தத்தைப் பிடித்து வலது காதுக்குக் கொண்டுபோகலாம் இல்லையா, அதுதான் யோசனை. வெளியே மழை விடாமல் பெய்தது. என்னிடம் வந்த துணியெல்லாம் அரை ஈரம். இஸ்திரிப் பெட்டியை வைத்தால் ஆவிதான் கிளம்பியது. வெறுத்துப்போய் அங்கே போய் உட்கார்ந்துவிடுவேன்.

“இதுக்குப் பேரு என்னடி?” அவள் இடுக்கியில் பிடித்திருந்தது என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது.

“கோடெக். ஸ்டீரியோ கோடெக் அத்தை.”

“இத்துனூண்டு என்ன பண்ணிடும்?”

“ரெண்டு மைக்கும் இதுக்குள்ள வருது, இடது தனியா, வலது தனியா. மைக்குல வர்றது ரொம்ப நோஞ்சானா இருக்கும். அதை முதல்ல பெருசாக்கும். அப்புறம் அதை அளந்து அளந்து நம்பரா மாத்திடும். நீங்க கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஆயிரக்கணக்கான தடவை அளக்கும்.”

“நம்பர் எதுக்கு?”

“நம்பர்னா கூட்டலாம், குறைக்கலாம் இல்லையா? இடது இவ்வளவு, வலது இவ்வளவுன்னு நாம சொல்லிட்டா, அந்த அளவுல ரெண்டையும் கலக்கும். கலந்ததைத் திரும்பச் சத்தமா மாத்தி வெளியே விடும். எனக்கு ஒரு காதுதானே? அதனால ரெண்டையும் ஒரே வாசல்ல விடறோம்.”

“ரெண்டையும் முழுசாக் கொட்டிட வேண்டியதுதானே?”

ரேடியோக்காரர் சிரித்தார். “கொட்டினா வழிஞ்சிடும் தங்கச்சி. ரெண்டு நம்பரையும் கூட்டினா அது தாங்கற அளவைத் தாண்டிடும். தாண்டினதை மேலாகச் சீவி எறிஞ்சிடும். சத்தம் கரகரன்னு உடையும். ரெண்டையும் பாதியாக் குறைச்சுட்டுத்தான் கூட்டணும். அதுலயும் இடது பக்கம் கால்வாசி போதும்னு நான் சொல்றேன். இவ கேக்க மாட்டேங்கறா.”

“கால்வாசி பத்தாதுப்பா. எனக்குப் பேச்சு கேக்கணும். முணுமுணுப்பு இல்ல.”

முதன்முதலாக அதை மாட்டிப் பார்த்த சாயங்காலம் நானும் இருந்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். அண்ணி இடது பக்கம் போய் நின்று, குரல் எழும்பாமல், “பாப்பா” என்றாள்.

“என்னம்மா?” என்று அவள் வலது பக்கம் திரும்பினாள்.

திசை தப்பிவிட்டது. ஆனால் கேட்டுவிட்டது. அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ரேடியோக்காரர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தார். அந்த அழுகை பொய் இல்லை. இன்றைக்குக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன். அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

“எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுன்னு தெரியாது அத்தை” என்று பாப்பா எனக்கு விளக்கினாள். “எல்லாமே ஒரு காதுக்குத்தானே வருது. ஆள் யாருன்னு குரலை வச்சுத்தான் கண்டுபிடிக்கணும்.”

இன்னொரு விஷயத்திலும் ரேடியோக்காரர் தன் பிடியில் நின்றார். அந்த ஐசிக்கு ஞாபகம் கிடையாது. பேட்டரியைக் கழற்றினால் எல்லாவற்றையும் மறந்துவிடும். மறுபடி போடும்போது, எதைத் திறப்பது, எதை மூடுவது, எதை எவ்வளவு வைப்பது என்று பக்கத்தில் இருக்கிற இன்னொரு ஐசி ஒவ்வொன்றாக அதற்குச் சொல்லிக்கொடுக்கும். என்ன சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டரில் எழுதிப் போடுவது பாப்பா.

“பேட்டரி போட்டு அது எழுந்திருக்கும்போது இடது பக்கம் மூடியே, மியூட்லயே இருக்கட்டும்” என்றார் ரேடியோக்காரர். “வேணும்னா பட்டனை அமுக்கித் திறந்துக்கோ. இல்லன்னா போட்டவுடனே டப்புன்னு காதுல அடிக்கும். இருக்கற ஒரு காதும் போயிடும்.”

அப்படியே வைத்தாள். தகப்பனுக்குத்தான் எவ்வளவு கரிசனம் என்று நான் மெச்சிக்கொண்டேன்.

அக்காக்காரி வருவதற்கு முந்தைய நாள், மறுநாள் உடுத்தப்போகிற துணியை எடுத்துக்கொண்டு பாப்பா என்னிடம் வந்தாள். நான் மடிப்பு வைத்துக்கொண்டிருந்தபோது, “அத்தை, அந்த மியூட்டை எடுத்துட்டேன்” என்றாள்.

“டப்புன்னு அடிக்குமேடி?”

“அடிக்காது. ஒரேயடியாத் திறந்தாத்தான் அடிக்கும். சைபர்லேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா ஏறற மாதிரி எழுதிட்டேன். இப்ப பேட்டரி போட்டா ரெண்டு பக்கமும் தானாத் திறந்துக்கும். பட்டனைத் தேடிக்கிட்டு இருந்தா அவங்க என்ன நினைப்பாங்க?”

“அப்பாகிட்டச் சொன்னியா?”

“கடைத்தெருவுக்குப் போயிருக்காங்க. வந்ததும் சொல்லணும்.”

மறந்துவிட்டாள் போலிருக்கிறது. மனசு வேறெங்கோ இருந்த நாள் அது.

அக்காக்காரி மழையோடுதான் வந்தாள். குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு, கால் ஈரம் உள்ளே படாமல் ஓரமாக நடந்து வந்தாள். எனக்குப் பிடித்துவிட்டது. அண்ணி டீயும் ரொட்டியும் கொண்டுவந்து வைத்தாள். ஒத்தாசைக்கு என்று நானும் நிலைப்படியில் நின்றேன்.

“என் தம்பிக்கு அவ்வளவு சுலபமா யாரும் பொண்ணு குடுக்க மாட்டாங்கம்மா” என்று அக்காக்காரி பாப்பாவிடம் சொன்னாள். “கண்ணாடி வெட்டற கைன்னா ரத்தக் கைதான். தினம் ஒரு கட்டு. மருந்து போட்டு விடுவியா?”

“எனக்குச் சூட்டுக் கை அக்கா. நான் தினம் சுட்டுக்குவேன். ரெண்டு பேருக்கும் ஒரே டப்பா மருந்து போதும்.”

அக்காக்காரி வாய்விட்டுச் சிரித்தாள். பாப்பா தலையில் மாட்டியிருந்த பட்டையைப் பார்த்து, “இது என்ன?” என்று கேட்டு, விஷயம் தெரிந்ததும், “காது கேக்காதுன்னு தம்பி சொன்னான். அதனால என்ன?” என்றாள். அந்தச் சமயத்தில் அவள் எழுந்து போயிருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும்.

ரேடியோக்காரர் தொண்டையைக் கனைத்தார். “பாப்பா, அந்த மண்டபத்து மிக்ஸருக்கு ஆள் வந்துடுவான். அதை மட்டும் முடிச்சு வச்சிடேன். நாங்க பேசிக்கிட்டு இருக்கோம்.”

அவள் மேசைக்குப் போய் உட்கார்ந்து, சால்டரிங் கம்பியைச் சூட்டில் போட்டாள். அலமாரியில் பெட்டி பாடிக்கொண்டிருந்தது. அவர் எழுந்து போய் அதன் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார். நாற்காலியை அக்காக்காரியின் பக்கத்தில், அதாவது பாப்பாவின் இடது பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு கையை நீட்டி, பாப்பா மேசைமேல் வைத்திருந்த மிஷின் டப்பாவை எடுத்தார்.

“பேட்டரி லூசா இருக்கு, இரு” என்று கழற்றி, தட்டி, மறுபடி போட்டு, இருந்த இடத்தில் வைத்தார்.

கழற்றினால் மறந்துவிடும், போட்டால் இடது பக்கம் மூடிக்கொண்டு எழுந்திருக்கும் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கை அவள் முந்தைய நாளே மாற்றிவிட்டாள் என்பது எனக்குத் தெரியும். வாயைத் திறக்கலாமா என்று ஒரு கணம் பார்த்தேன். திறக்கவில்லை. அப்படி மறைக்கிற பேச்சு என்னதான் பேச்சு, அவளும் கேட்கட்டும் என்று நின்றேன்.

“உங்களைப் பாத்தா நல்லவங்களாத் தெரியுது” என்றார் ரேடியோக்காரர், குரலைத் தாழ்த்திக்கொண்டு. “அதனால மறைக்க மனசு வரலை. காது மட்டும் இல்லம்மா. சின்ன வயசுல ஒரு காய்ச்சல் வந்துதான் காது போச்சு. அப்பவே தலைக்குள்ளயும் கொஞ்சம் பாதிச்சிடுச்சு. திடீர்னு மயக்கம் போட்டு விழுந்துடுவா, கை காலெல்லாம் இழுத்துக்கும்.”

அக்காக்காரி கையிலிருந்த டீயைக் கீழே வைத்தாள்.

“பிள்ளை பெத்துக்கற உடம்பு இல்லன்னும் டாக்டர் சொல்லிட்டாரு. பெத்தவன், என் வாயால இதைச் சொல்றேன்னா நீங்களே புரிஞ்சுக்கணும். முன்னாடி வந்தவங்ககிட்டயும் இப்படி உள்ளதைச் சொல்லித்தான் அனுப்பினேன். ஒரு குடும்பத்தை ஏமாத்தின பாவம் எனக்கு வேண்டாம்.”

ஒரு சொல்கூட நிஜமில்லை. பத்து வருஷமாகச் சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கிறேன், அவள் ஒரு தும்மல் தும்மினால் எனக்குக் கேட்கும்.

பாப்பா தலையைத் தூக்கவில்லை. தொட்டுக்கொண்டிருந்த காலுக்கு ஈயம் வைத்து முடித்தாள். கம்பியை அதன் தாங்கியில் வைத்தாள். நாற்காலியோடு திரும்பினாள்.

“அக்கா, அப்பா சொல்றது பொய். எனக்கு மயக்கம் வராது. ஒரு நாளும் வந்ததில்ல. எந்த டாக்டரும் எதுவும் சொல்லலை.”

ரேடியோக்காரர் பெட்டி அணைந்தது போல உட்கார்ந்திருந்தார். அக்காக்காரி இவரைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், பின்பக்கக் கதவில் நின்ற அண்ணியைப் பார்த்தாள். அண்ணி ஏதாவது சொல்லியிருக்கலாம். முந்தானையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

“இல்லக்கா, நான் சொல்றேன்” என்று நான் உள்ளே வந்தேன். “எனக்குத் தெரியும் இவளை.”

“நீங்க பக்கத்து வீடு” என்றாள் அக்காக்காரி, மரியாதையாகத்தான். “பெத்த தகப்பன் தன் பொண்ணைப் பத்தி இப்படிப் பொய் சொல்வாரா? உலகத்துல நடக்குமா?” பாப்பாவின் தலையில் கை வைத்து, “உடம்பைப் பாத்துக்கோம்மா” என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டாள். அந்தப் பரிவைத்தான் பாப்பாவால் தாங்க முடியவில்லை என்று நினைக்கிறேன். அவள் முகம் அப்போதுதான் கோணியது.

அக்காக்காரி தெருவில் இறங்கிப் போனாள். ரேடியோக்காரர் முதலில் கேட்ட கேள்வி என்ன தெரியுமா?

“மியூட்ல இருக்கணுமே. எப்படிக் கேட்டுது?”

“நேத்தே எடுத்துட்டேன்” என்றாள் பாப்பா. “எழுந்திருக்கும்போதே ரெண்டு பக்கமும் திறந்துக்கும்.”

“என்கிட்டச் சொல்லலையே.”

“நீங்க என்கிட்டச் சொல்லலையேப்பா. மூணு பேர் வந்துட்டுப் போனாங்க. மூணு தடவையும் நான் இங்கதான் உக்காந்திருந்தேன். இதே நாற்காலியில. நீங்க இதே மாதிரி பாட்டைக் கூட்டி வச்சுட்டு…”

“அவரைக் குத்தம் சொல்லாதடி” என்று அண்ணி வாயைத் திறந்தாள். இப்போது வந்தது பேச்சு. “அவருக்குக் கண்ணு போச்சு. எனக்கு முட்டி போச்சு. நீயும் போயிட்டா கடையை மூட வேண்டியதுதான். பெத்தவங்க நடுத்தெருவுல நிக்கணுமா?”

“உங்களுக்கும் தெரியுமா?”

அண்ணி டீத் தம்ளரை எடுக்கக் குனிந்தாள்.

“மூடணும்னா மூடணும்னு சொல்லியிருக்கலாம் இல்ல?” என்றாள் பாப்பா. அழுகையும் இல்லை, கத்தலும் இல்லை. “பாப்பா, நீ போனா எங்களால முடியாது, இருந்துடுன்னு ஒரு வார்த்தை. இந்தப் பக்கம் வந்து, என் மூஞ்சியைப் பாத்து. நான் இருந்திருப்பேனேப்பா. சத்தியமா இருந்திருப்பேன். அவரையும் இங்கயே வரச் சொல்லியிருப்பேன். அதுக்கு எதுக்கு எனக்கு வலிப்பு? எதுக்கு என் வயித்தைப் பத்தி…”

“வாய் தவறி வந்துடுச்சும்மா” என்றார் அவர்.

“நாலு தடவையா?” என்றேன் நான். சும்மா இருக்க முடியவில்லை. “வாய் தவறறவன் பேட்டரியைக் கழட்டிப் போடுவானா அண்ணே?”

“இது எங்க வீட்டு விஷயம்” என்றார். நல்ல காலத்தில் நான் தங்கச்சி, கெட்ட காலத்தில் பக்கத்து வீடு.

கண்ணாடிக்காரன் மறுநாள் வந்தான். என் கடையில் வைத்துத்தான் இரண்டு பேரும் பேசினார்கள். அவன் மேல் எனக்கு நம்பிக்கை இருந்தது. நின்ற இடம் கூட வலது பக்கம்தான்.

“நீ சொல்றதை நான் நம்பறேன்” என்றான். “அக்காதான் ஒரே பிடியா இருக்கா. ஒண்ணு பண்ணலாம். ஒரு டாக்டர்கிட்டப் போய் எல்லாம் நல்லா இருக்குன்னு எழுதி வாங்கிட்டா போதும். வலிப்பு இல்லன்னும், அந்த… இன்னொன்னு பத்தியும். அக்கா வாயை மூடிடலாம்.”

“நீங்க நம்பறீங்கன்னா அது எதுக்கு?”

“எனக்கு வேண்டாம். அக்காவுக்குத்தான்.”

“உங்களுக்கு வேண்டாமா?”

அவன் கையில் சுற்றியிருந்த கட்டைப் பிரித்துப் பிரித்துச் சுற்றினான். “இருந்தா நமக்கும் நல்லதுதானே” என்றான்.

பாப்பா அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “மழை விட்டிருக்கு, கிளம்புங்க” என்றாள். கண்ணாடி வெட்டுகிறவனுக்கு முதுகெலும்பும் கண்ணாடியாகவா இருக்க வேண்டும் என்று நான் திட்டியபோது, “விடுங்க அத்தை, அவர் கேட்டது தப்பில்ல, பெத்த அப்பாவே அப்படிச் சொன்னா யார்தான் சர்டிபிகேட் கேக்க மாட்டாங்க” என்று எனக்கே சமாதானம் சொன்னாள். அதற்கப்புறம்தான் உடைந்தாள். என் மேசையில், யாருடையதோ இஸ்திரி போட்ட துணிமேல் முகத்தை வைத்து அழுதாள். அந்தத் துணியை நான் மறுபடி துவைக்க வேண்டியிருந்தது.

அந்த வாரமே போய்விட்டாள். வெளியூரில் எலக்ட்ரானிக் போர்டுகள் செய்கிற ஒரு கம்பெனிக்கு. ஒரு பை, அந்தத் தலைப்பட்டை, அவ்வளவுதான். அண்ணி பின்னாலேயே பஸ் நிறுத்தம் வரைக்கும் நொண்டிக்கொண்டு போனாள். ரேடியோக்காரர் பட்டறையை விட்டு வெளியே வரவில்லை. “திரும்பி வந்துடுவா, எங்க போயிடுவா” என்று தெருவில் யாரோ சொன்னார்கள். நானும் அதை நம்பத்தான் ஆசைப்பட்டேன். வரவில்லை.

பட்டறை வாசலில் பெட்டிகள் சேர்ந்துகொண்டே போயின. நாலைந்து நாளைக்குப் பிறகு வெயில் நன்றாக அடித்த ஒரு காலையில், ரேடியோக்காரர் என் கடைக்கு வந்தார். கையில் ஒரு போர்டு. அதில் ஒரு ஐசியைப் பசை தொட்டு மேலே ஒட்டி வைத்திருந்தார், ஈயம் இன்னும் தொடவில்லை.

“தங்கச்சி, உனக்குக் கண்ணு நல்லாத் தெரியுமே. இதுல ஒரு மூலையில சின்னதா ஒரு புள்ளி இருக்கும். முதல் கால் அதுதான். அது எந்தப் பக்கம் இருக்குன்னு பாத்துச் சொல்லு. மாத்தி வச்சா கரண்டு குடுத்தவுடனே எரிஞ்சு போயிடும். மண்டபத்துக்காரன் வந்து கத்தறான்.”

நான் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, போர்டை வாங்கி வெயில் பக்கம் திருப்பிப் பார்த்தேன். புள்ளி மேல் மூலையில், கடுகு மாதிரி, பளிச்சென்று இருந்தது.

“எனக்கு ஒண்ணும் தெரியலையேண்ணே” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.